தலையெழுத்தைத் திருத்தும் மருந்து யாருக்கு?

ஏழைக்கு நோய் வந்தால் "தலையெழுத்து" என்பார்கள். பணக்காரனுக்கு நோய் வந்தால் "நல்ல டாக்டராகப் பார்" என்பார்கள். தலைமுறை தலைமுறையாக நம் நாட்டில் இதுதான் வழக்கம்.

இன்று விஞ்ஞானிகள் மனித உடம்புக்குள் உண்மையாகவே ஓர் எழுத்து இருப்பதைக் கண்டு, அதைப் படித்தும் விட்டார்கள். அந்த எழுத்து மண்டை ஓட்டில் இல்லை. பிரம்மன் எழுதியதும் இல்லை. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதியாக நமக்கு வந்து சேர்ந்த எழுத்து அது. அதற்கு மரபணுத் தொகுதி என்று பெயர்.

இரும்பைச் செம்மண்ணில் மல்லாட்டை பிடுங்குகிறவரும், மரக்காணத்து உப்பளத்தில் உப்பு வாருகிறவரும், பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறவரும் கேட்கலாம்: "இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம். இதனால் நமக்கு என்ன?"

கேட்க வேண்டிய கேள்விதான். பதிலையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த விஞ்ஞானம் நம் பிள்ளைகளின் நோயைத் தீர்க்கவும் கூடும். நம்மை வேலையை விட்டு விரட்டவும் கூடும். இரண்டில் எது நடக்கும் என்பது அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒரே ஓர் எழுத்து

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

மனித உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அதில் இருப்பவை நான்கே எழுத்துக்கள். அந்த நான்கும் மாறி மாறி வந்து சுமார் 300 கோடி எழுத்து நீளத்துக்கு ஓர் ஏடாக அமைந்திருக்கின்றன. ரத்தத்தை எப்படிச் செய்வது, எலும்பை எப்படி வளர்ப்பது என்ற கட்டளைகள் அந்த ஏட்டில் உள்ளன. சுமார் 20,000 கட்டளைகள். ஒவ்வொரு கட்டளையும் ஒரு மரபணு.

இரண்டு மனிதர்களின் ஏடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 1,000 எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்துதான் மாறுகிறது. பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் அப்படித்தான். உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்று பேசியவர்களின் வாயை விஞ்ஞானம் அடைத்துவிட்டது.

ஆனால் மாறுகிற அந்த ஓர் எழுத்து, இருக்கக் கூடாத இடத்தில் மாறிவிட்டால் ஆளையே கொன்றுவிடும்.

அரிவாள் செல் ரத்தசோகை என்று ஒரு நோய் உண்டு. சிவப்பணு வட்டத் தட்டுப் போல, வழவழப்பாக இருக்க வேண்டும். இந்த நோயில் அது கருக்கரிவாள் போல் வளைந்து, மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கிறது. கை கால்களில் உயிர் போகும் வலி. ஓயாத சோகை. சிறு வயதிலேயே சாவு. இத்தனைக்கும் காரணம் 300 கோடி எழுத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதுதான்.

இது எங்கோ ஆப்பிரிக்காவில் உள்ள நோய் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரி மலையில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்னும் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள மலைவாழ் மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு உலகுக்கு எழுதினார்கள்.

1952! கண்டுபிடித்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்த நோயை ஒழிப்பதற்கென்று ஒரு தேசிய இயக்கத்தை மத்திய சர்க்கார் எப்போது தொடங்கியது? 2023 ஜூலை 1-ந் தேதி, மத்தியப் பிரதேசத்து ஷாடோலில். 7 கோடிப் பேரைச் சோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்று அறிவித்தார்கள். ஆதிவாசியின் ரத்தம் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு உடனே பயன்பட்டது. ஆதிவாசிக்கு அந்த ஆராய்ச்சி பயன்பட மூன்று தலைமுறை ஆகியிருக்கிறது. இந்தக் கணக்கை நாம் மறக்கக் கூடாது.

யார் பணம்? யார் ரத்தம்?

மனிதனின் முழு ஏட்டையும் படித்துவிடுவது என்று 1990-ல் உலக விஞ்ஞானிகள் வேலை தொடங்கினார்கள். அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய ஆறு நாட்டு விஞ்ஞானிகள் கூடி உழைத்தார்கள். 2003 ஏப்ரலில் முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். விடுபட்டிருந்த இடங்களும் 2022-ல் நிரப்பப்பட்டன. 2003 வரை ஆன செலவு சுமார் 270 கோடி டாலர். பெரும்பகுதி சர்க்கார் கஜானாவிலிருந்து வந்த பணம். அதாவது மக்களின் வரிப்பணம்.

இடையில் நடந்த ஒரு போராட்டத்தை நம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். 1996-ல் பெர்முடாத் தீவில் கூடிய விஞ்ஞானிகள் ஒரு முடிவு செய்தார்கள்: படித்த எழுத்தை 24 மணி நேரத்துக்குள் உலகம் முழுவதற்கும் வெளியிட்டுவிட வேண்டும். யாரும் பார்க்கலாம், யாரும் பயன்படுத்தலாம், காசு இல்லை.

1998-ல் செலரா என்ற தனியார் கம்பெனி களத்தில் குதித்தது. எழுத்தை முந்திப் படித்துச் சந்தா கட்டுகிறவர்களுக்கு விற்பது அதன் திட்டம். மனித உடம்பின் ஏட்டுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை வாடகைக்கு விடுகிற வியாபாரம்! பிரிட்டனில் இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஜான் சல்ஸ்டன் அதை உறுதியாக எதிர்த்தார். மனித குலத்தின் பொதுச் சொத்தை ஒரு கம்பெனி சொந்தம் கொண்டாட விடமாட்டோம் என்று அவரும் அவருடைய தோழர்களும் இரவு பகலாக உழைத்தார்கள். ஏடு பொதுவில் வெளியாயிற்று.

அதோடு ஏகபோகம் ஓய்ந்துவிடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிற இரண்டு மரபணுக்களுக்கு அமெரிக்காவில் மிரியட் என்ற கம்பெனி காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அந்த மரபணுக்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கம்பெனியிடம்தான் போக வேண்டும். ஒரு பெண்ணுக்குச் சோதனைக் கட்டணம் 3,000 டாலருக்கு மேல். நோயாளிகளும் டாக்டர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 2013 ஜூன் 13-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: இயற்கை படைத்த மரபணுவுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது. எதிர்த்து நின்றதால் கிடைத்த வெற்றி இது.

நம் நாட்டில் என்ன நடந்திருக்கிறது?

2020-ல் மத்திய சர்க்காரின் உயிரித் தொழில்நுட்பத் துறை "ஜினோம் இந்தியா" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 20 ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து, நாடெங்கும் 83 வகை மக்கள் கூட்டங்களிலிருந்து ரத்தம் எடுத்து, சுமார் 10,000 பேரின் முழு ஏட்டையும் படித்தன. 2025 ஜனவரி 9-ல் அந்த விவரங்கள் வெளியிடப்பட்டு, பரீதாபாத்திலுள்ள களஞ்சியத்தில் வைக்கப்பட்டன. ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்துப் பெறலாம்.

இது வரவேற்க வேண்டிய வேலை. அதுவரை உலகில் படிக்கப்பட்ட ஏடுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தாருடையவை. அவர்கள் உடம்பைப் பார்த்து வகுத்த மருந்தளவு நம் உடம்புக்குக் கூடலாம், குறையலாம். நம்மவர் ஏட்டைப் படித்தால்தான் நமக்கு ஏற்ற வைத்தியம் கிடைக்கும்.

இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது. ஐதராபாத்து விஞ்ஞானி தங்கராஜ் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தெற்காசியாவின் 263 மக்கள் கூட்டங்களைப் பார்த்தார்கள். அவற்றில் 81 கூட்டங்கள் ஒரு சில முன்னோர்களிடமிருந்தே பெருகி, பல நூறு ஆண்டுகளாகத் தமக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்ததற்கு வலுவான தடயம் இருந்தது. இப்படிப்பட்ட கூட்டங்களில் பரம்பரை நோய்கள் தலைதூக்க வாய்ப்பு அதிகம். சாதி வேலி மனிதரைப் பிரித்தது மட்டுமல்ல. நோயையும் உள்ளே வைத்து அடைத்திருக்கிறது. சாதியை எதிர்க்க நமக்கு ஏற்கெனவே ஆயிரம் காரணங்கள் உண்டு. இப்போது ரத்தமும் வந்து சாட்சி சொல்கிறது.

வேலூரின் சாதனையும் 18 கோடி ரூபாயும்

ஏட்டைப் படித்தது போதுமா? பிழையைத் திருத்த முடியுமா? முடியும் என்று காட்டியிருக்கிறார்கள். அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே.

ஹீமோபீலியா என்பது ரத்தம் உறையாத நோய். சிறு அடி பட்டாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து ஆளை முடமாக்கிவிடும். உறைய வைக்கும் புரதத்தை ஆயுள் முழுவதும் ஊசியாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர் கடுமையான ஹீமோபீலியா கொண்ட 5 பேருக்கு, அவர்களுடைய சொந்த ரத்த மூலச் செல்களை எடுத்து, சரியான மரபணுவை அதில் சேர்த்து, திரும்ப உடம்பில் செலுத்தினார்கள். கண்காணித்த காலம் முழுவதும் அந்த ஐவருக்கும் ரத்தக் கசிவு ஏற்படவில்லை. 2024 டிசம்பரில் இது உலகின் முதன்மையான மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நம் டாக்டர்களின் இந்தச் சாதனைக்குத் தலைவணங்குகிறோம்.

அரிவாள் செல் நோய்க்கும் இப்படி ஒரு சிகிச்சை வந்துவிட்டது. மரபணுவை வெட்டித் திருத்தும் "கிறிஸ்பர்" என்ற கருவியை 2012-ல் உலகுக்கு விளக்கிய இரண்டு பெண் விஞ்ஞானிகள் 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கருவியைக் கொண்டு, கருவில் இருந்தபோது நம் உடம்பில் ஓடிய நல்ல ரத்தப் புரதத்தை மறுபடியும் சுரக்கச் செய்கிறார்கள். 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தன.

அமெரிக்காவில் வைத்த விலை என்ன தெரியுமா? ஓர் ஆளுக்கு 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய்.

ஒரு தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். மழை, வெயில் பாராமல் ஆண்டுக்கு 300 நாள் வேலையும் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு காசும் தின்னாமல் சேர்த்தால் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். 18 கோடி சேர 1,200 ஆண்டுகள் ஆகும்! ராஜராஜ சோழன் பிறப்பதற்கு முன்பே அவர் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்க வேண்டும்.

2021-ல் தமிழ்நாட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய். மரபணு மருந்து ஒரே ஓர் ஊசி. விலை 16 கோடி ரூபாய். பிச்சைப் பாத்திரம் ஏந்தாத குறையாக ஊர் ஊராக வசூல் செய்துதான் அந்த ஊசியை வாங்க முடிந்தது. நம் ஜனங்களின் ஈரமுள்ள நெஞ்சுக்கு அது சாட்சி. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் 16 கோடி வசூல் செய்ய முடியுமா? அரிய நோய்களுக்கு மத்திய சர்க்கார் வகுத்த உதவியின் உச்சவரம்பே 50 லட்சம் ரூபாய்தான். 50 லட்சம் எங்கே, 16 கோடி எங்கே?

கம்பெனிக்காரர்கள் சொல்லும் சமாதானம் நமக்குத் தெரியும். "ஆராய்ச்சிக்குச் செலவு ஆகிறது, நஷ்டத்தை யார் தாங்குவது?" என்பார்கள். செலவு இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணம் போட்டது யார்? மக்கள். ரத்தம் கொடுத்தது யார்? மக்கள். விதைப்பும் நீர் பாய்ச்சலும் நம்முடையது; களத்து மேட்டில் மரக்காலைப் பிடிப்பவன் மட்டும் வேறொருவனா? இந்தக் குத்தகை நியாயம் நமக்குப் பழகிய நியாயம்தான். அதனால்தான் சுலபமாக அடையாளம் தெரிகிறது.

2025 நவம்பரில் ஒரு செய்தி வந்தது. டெல்லியிலுள்ள சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் அரிவாள் செல் நோய்க்கு உள்நாட்டிலேயே கிறிஸ்பர் சிகிச்சை ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். ஆதிவாசிகளின் வீரத் தலைவர் பிர்சா முண்டாவின் பெயரால் "பிர்சா 101" என்று பெயர் வைத்து, தயாரிப்பதற்காக ஒரு பெரிய தனியார் மருந்துக் கம்பெனியோடு ஒப்பந்தமும் செய்திருக்கிறார்கள். மெத்த மகிழ்ச்சி. ஆனால் ஒன்று கேட்கிறோம். சர்க்கார் நிலையத்தில் மக்கள் பணத்தில் பிறந்த மருந்து அது. அதன் விலையை ஆதிவாசியின் மடிக்கு எட்டும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டாமா? பிர்சா முண்டாவின் பெயர் மருந்துப் புட்டியில். பிர்சா முண்டாவின் பேரப்பிள்ளைகள் ஆஸ்பத்திரி வாசலில் என்று ஆகிவிடக் கூடாது.

புதிய தலையெழுத்து

இனி ஆபத்தைப் பார்ப்போம். இது பஞ்சாலைத் தொழிலாளியும் உப்பளத் தொழிலாளியும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

அமெரிக்காவில் பர்லிங்டன் நார்தர்ன் சாண்டா ஃபே என்று ஒரு பெரிய ரயில்வே கம்பெனி. தண்டவாள வேலையில் அதிர்கிற கருவிகளைப் பிடித்துப் பிடித்துப் பல தொழிலாளிகளுக்கு மணிக்கட்டு நரம்பு நோய் வந்தது. நஷ்டஈடு கேட்டார்கள். கம்பெனி என்ன செய்தது? சோதனை என்ற பேரில் ரத்தம் எடுத்து, அவர்களுக்குத் தெரியாமலே மரபணுவைச் சோதிக்க ஏற்பாடு செய்தது. எதற்கு? "நோய் உன் பரம்பரையில் இருக்கிறது, வேலையால் வரவில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதற்கு! விஷயம் வெளிப்பட்டு 2001-ல் வழக்கு வந்தது. 2002-ல் 22 லட்சம் டாலர் கொடுத்துக் கம்பெனி சமரசம் செய்துகொண்டது. 2008-ல் அந்த நாட்டில், மரபணுவைப் பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டமே வந்தது.

நம் நாட்டில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை.

இப்போது மரக்காணம் பக்கம் திரும்புவோம். தலைக்கு மேல் வெயில். காலுக்குக் கீழே உப்பு. வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. குடித்தால் சிறுநீர் கழிக்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற பெண்கள் உப்பளங்களில் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிலையத்து ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டில் 7 உப்பளங்களில் 352 தொழிலாளரைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவுக்கு மிஞ்சிய வெக்கையில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது.

நாளைக்கு ஒருவர் வந்து, "இவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது பரம்பரைக் கோளாறு, மரபணுவில் இருக்கிறது" என்று சொன்னால்? சிலருக்குப் பரம்பரைக் காரணமும் சேர்ந்திருக்கலாம். விஞ்ஞானிகள் தேடட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் வெயில் எந்த மரபணுவில் இருக்கிறது? குடிநீர்ப் பானை இல்லாதது எந்தக் குரோமோசோமில் எழுதியிருக்கிறது? நிகராகுவா நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் இதே போல் தொழிலாளர் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். நிழல், தண்ணீர், இடை ஓய்வு மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தபோது சேதம் குறைந்தது. அங்கே யாருடைய மரபணுவையும் திருத்தவில்லை. வேலை நிலைமையைத் திருத்தினார்கள்.

பஞ்சாலையிலும் இதே நியாயம்தான். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சடைப்புக்குத் தூசி காரணம்; தொழிலாளியின் பாட்டனார் காரணமல்ல.

பழைய தலையெழுத்தை விஞ்ஞானம் அழித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் "மரபணு" என்ற பெயரில் புதிய தலையெழுத்தை எழுத முதலாளிகளை அனுமதிக்கலாமா? முடியாது!

வீட்டுக்குள்ளும் ஓர் எச்சரிக்கை தேவை. அரிவாள் செல் போன்ற நோயில், தாய் தகப்பன் இருவருமே அந்தப் பிழையைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். அப்போதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். ஆகவே "இவள் வயிற்றுக் கோளாறு" என்று மருமகளைப் பழிப்பது அறியாமை. பிழையைச் சுமப்பவர் நோயாளி அல்ல. அவரைக் கல்யாணச் சந்தையில் ஒதுக்குவதும் அநியாயம். நெருங்கிய சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கும்போது முன்கூட்டியே டாக்டரைக் கேட்டுக்கொள்வது அறிவுடைமை.

நாம் கேட்பது

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகள் அல்ல. அதன் முதல் வாரிசுகள் நாம். ஆகவே கேட்கிறோம்:

பரம்பரை நோய்ச் சோதனையும் ஆலோசனையும் கோரிமேட்டு ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கோ வரும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும், ஒவ்வொரு சிசுவுக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

மக்கள் பணத்தில் பிறந்த மரபணு மருந்துகளைச் சர்க்காரே தயாரிக்க வேண்டும். அல்லது விலையைச் சர்க்காரே கட்டுப்படுத்த வேண்டும்.

நம் ரத்தத்திலிருந்து படித்த ஏட்டை வைத்து ஒரு கம்பெனி லாபம் சம்பாதித்தால், ரத்தம் கொடுத்த மக்களுக்கு அந்த மருந்து முதலில் வந்து சேர வேண்டும்.

மரபணுவைக் காட்டி வேலையையோ, நஷ்டஈட்டையோ, இன்ஷூரன்சையோ மறுப்பது குற்றம் என்று பார்லிமெண்டில் சட்டம் வர வேண்டும்.

உப்பளத்தில் நிழற்குடில், குடிநீர், கழிப்பிடம், உச்சி வெயிலில் ஓய்வு, ஆண்டுக்கொரு முறை சிறுநீரகச் சோதனை இவை உடனே வேண்டும். இதற்கு எந்த நோபல் பரிசு விஞ்ஞானமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

தோழர்களே! ரத்தச் சோதனை என்று யாராவது வந்தால் பயந்து ஓடவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டவும் வேண்டாம். எதற்காக எடுக்கிறீர்கள், முடிவை யாரிடம் சொல்வீர்கள், எங்களுக்கு என்ன பயன் என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாதவர் என்றால் சங்கத்துத் தோழரைக் கூட வைத்துக்கொண்டு, படித்துக் காட்டச் சொல்லிய பிறகு கைநாட்டு வையுங்கள்.

300 கோடி எழுத்தைப் படிக்க மனித அறிவால் முடிந்தது. அந்த அறிவின் பலனை உப்புக் கரையிலிருக்கும் குடிசைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும் முடியாத காரியமா? உழைப்பாளி மக்கள் ஒன்றுபட்டுக் கேட்டால் அதுவும் முடியும்.